லூப் முதல் காப்பர்-டி வரை

சித்தூரில் வாழும் என் அக்காளுக்குச் சென்ற ஆண்டு இரண்டாம் குழந்தை பிறந்தது. வயது 24. "ஆப்பரேஷன் செய்துகொள்" என்றனர் பெரியவர்கள். "நீ படித்தவளாயிற்றே, வேறு வழியில்லையா?" என்று அவள் என்னைக் கேட்டாள். மருத்துவமனையில் தந்த துண்டறிக்கை தெலுங்கில் இருந்தது. பிழைக்க வந்த குடும்பம் எங்களுடையது. அவளுக்குத் தெலுங்கு பேச வரும், படிக்க வராது. திருப்பதியில் எம்.எஸ்ஸி. இரசாயனம் பயிலும் எனக்கோ செம்பின் குணங்கள் தெரியும். செம்பு கருவைத் தடுக்கும் விதம் தெரியாது. நாணினேன். பின்னர்ப் படித்தறிந்ததை இங்கே எழுதுகிறேன்.

கருப்பையினுள் சிறு பொருளை வைத்துக் கருத்தரிப்பைத் தடுக்கும் முறை புதியதன்று. 1920-களில் ஜெர்மானிய மருத்துவர் கிராஃபென்பெர்க் வளையங்களைக் கையாண்டார். 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்க மருத்துவர் ஜாக் லிப்பிஸ் பாலிதீனால் 'லூப்' அமைத்தார். 1965-இல் இந்திய அரசு அதனை நாடெங்கும் பரப்ப முனைந்தது. இரண்டே ஆண்டுகளில் ஏறத்தாழ 17 இலட்சம் பெண்கள் ஏற்றனர். பின்னர் எண்ணிக்கை சரிந்தது. ஏன்? இரத்தப்போக்கும் வலியும் வரக்கூடும் என்று முன்கூட்டிச் சொன்னோர் சிலர். வந்தபின் கவனித்தோர் அதனினும் சிலர். வதந்தி வளர்ந்தது. 'அது நெஞ்சுக்கு ஏறிவிடும்' என்று எங்கள் பாட்டி இன்றும் அஞ்சுகிறார். கருப்பையிலிருந்து நெஞ்சுக்கு வழியே கிடையாது.

1960-களின் இறுதியில் சிலி நாட்டு மருத்துவர் ஸிப்பர் செம்பின் ஆற்றலைக் கண்டார். ஹோவர்ட் டாட்டம் 'டி' வடிவம் தந்தார். இன்றைய காப்பர்-டி 380ஏ என்பதில் 380 சதுர மில்லிமீட்டர் செம்புப் பரப்பு உண்டு. அதினின்று கசியும் செம்பு அயனிகள் விந்தணுக்களை முடக்குகின்றன. ஆகவே கரு உண்டாவதே தடைபடுகிறது. பத்தாண்டுகள் பயன் தரும். முதலாண்டில் நூறு பேரில் ஒருவருக்கும் குறைவாகவே தவறும். எடுத்துவிட்டால் மீண்டும் தாயாகலாம்.

குறைகளையும் மறைத்தல் ஆகாது. முதல் சில மாதங்கள் மாதவிலக்கு மிகலாம், வலிக்கலாம், சிலருக்குத் தானே வெளிவந்துவிடும், அரிதாகக் கருப்பைச் சுவர் துளைபடலாம். பால்வினை நோயைத் தடுக்காது. கருப்பையில் தொற்றுள்ளோருக்கும், காரணமறியா இரத்தப்போக்குள்ளோருக்கும் ஏற்றதன்று. பயிற்சி பெற்றவரே பொருத்த வேண்டும்.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, ஆந்திராவில் மணமான பெண்கள் நூற்றுவரில் ஏறக்குறைய எழுபதின்மர் அறுவை செய்துகொண்டவர்கள். வளையம் பொருத்தியோர் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. அறுவை செய்துகொண்ட ஆடவர் கணக்கும் அவ்வாறே! ஆப்பரேஷன் தீதன்று. ஆனால், 24 வயதில் மீளாத முடிவை எடுக்குமுன் மற்ற வழிகளையும் அறிவது ஒரு பெண்ணின் உரிமையல்லவா?

அக்காள் மருத்துவரைக் கேட்டுத் தெளிந்து, காப்பர்-டி பொருத்திக்கொண்டாள். மூன்று மாதம் போக்கு மிகுந்தது. முன்பே அறிந்திருந்தமையால் அவள் அஞ்சவில்லை.

தோழர்களே, தோழியர்களே! நாம் கற்ற விஞ்ஞானம் தேர்வுத்தாளோடு நின்றுவிடலாகாது. விடுமுறைக்குச் செல்கையில், தெலுங்குத் துண்டறிக்கையைப் படிக்கவியலாத அக்காளுக்கும் அண்ணிக்கும் அதைத் தமிழில் படித்துச் சொல்வோம். முடிவு அவர்களுடையதாகவே இருக்கட்டும்.