மரவட்டை

ஐப்பசி மழை இரண்டு நாள் விடாமல் பெய்தால், வீட்டுச் சுவர்களிலும் கிணற்றடியிலும் மரவட்டைகள் ஊர்ந்து வரக் காணலாம். உருண்டு நீண்ட உடலுடன், எண்ணற்ற கால்களை அலைபோல அசைத்துச் செல்லும் இச்சிற்றுயிரைக் கண்டதும் சிலர் அருவருத்து விலகுவர்; சிலர் செருப்பால் நசுக்குவர். சிறுவரோ குச்சியால் தொட்டு, அது காசுபோலச் சுருள்வதைக் கண்டு கைகொட்டி மகிழ்வர். “தொடாதே, கடித்துவிடும்!” என்று வீட்டிலுள்ள முதியோர் தடுப்பர். மரவட்டை கடிக்குமா? அதனால் மனிதருக்குத் தீங்கு உண்டா?

கடிக்கும் என்னும் அச்சம் பெரும்பாலும் பூரானால் வந்தது. இரண்டும் பல கால்களை உடையவை. ஈரமான இடங்களில் வாழ்பவை. ஆதலால் இரண்டையும் ஓரினமாகக் கருதி மயங்குவோர் பலர். உற்று நோக்கினால் வேறுபாடு எளிதில் புலனாகும். பூரானின் உடல் தட்டையானது. ஒவ்வொரு வளையத்திலும் ஓர் இணைக் கால்களே உண்டு. தலையை அடுத்துள்ள முதல் இணைக் கால்கள் நஞ்சுக் கொடுக்குகளாக மாறியுள்ளன. பூரான் கடித்தது என்று நாம் கூறினும், அது வாயால் கடிப்பதன்று. இக்கொடுக்குகளால் குத்தி நஞ்சைச் செலுத்துவதேயாம். பிற பூச்சிகளை வேட்டையாடி உண்ணும் உயிராதலின், அதற்கு அக்கருவியும் விரைந்த ஓட்டமும் வேண்டியிருக்கின்றன. மரவட்டையோ உதிர்ந்த சருகையும் மக்கிய மரத்தையும் தின்று வாழ்வது. ஓடாத சருகைப் பிடிக்க ஓட்டம் எதற்கு? கொடுக்குத்தான் எதற்கு? ஆகவே அவ்விரண்டும் அதற்கு இல்லை. அது மனிதரைக் கடிப்பதுமில்லை, கொட்டுவதுமில்லை.

மரவட்டையின் பெரும்பாலான வளையங்களில் இரண்டு இணைக் கால்கள் உண்டு. முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுக்குப் பொதுவாக மூன்று இணைக் கால்களே இருக்கும். தோலுரிக்குந்தோறும் வளையங்களும் கால்களும் பெருகும். இதனை ‘ஆயிரங்காலி’ என்னும் பொருள்பட மேனாட்டார் வழங்கினாலும், ஆயிரம் கால்களை உடைய இனம் நெடுங்காலம் எவர் கண்ணிலும் படவில்லை. மேற்கு ஆஸ்திரேலியாவில் கனிமம் தேடித் தோண்டிய துளையொன்றில், தரைக்குக் கீழே 60 மீட்டர் ஆழத்தில் கிடைத்த ஓர் இனத்திற்கு 1,306 கால்கள் இருப்பதாக 2021-ஆம் ஆண்டில் விஞ்ஞானிகள் அறிவித்தனர். பெயர் அன்றுதான் மெய்யாயிற்று!

கடிக்கவும் ஓடவும் இயலாத இவ்வுயிர், பகை நெருங்கும்போது தலையையும் கால்களையும் உள்ளடக்கிச் சுருண்டுகொள்ளும். உறுதியான முதுகோடு வெளிப்புறத்தில் கேடயம்போல் அமையும். அதுவும் போதாதபோது, உடலின் இரு பக்கங்களிலும் வரிசையாக உள்ள நுண்துளைகளின் வழியே ஒருவகை நீரைக் கசியவிடும். மரவட்டையினால் மனிதருக்கு நேரும் தீங்கு இந்நீரினால்தான்.

உருண்ட உடலுடைய பல இனங்களின் நீரில் பென்சோகுவினோன் என்னும் இரசாயனப் பொருள்கள் உள்ளன. இவை தோலிற்பட்டால் முதலில் மஞ்சளும் பழுப்புமான கறை தோன்றும். பின்னர் அது கருகிய நிறம் அடையும். சிறிது எரிச்சல் இருக்கலாம். சிலருக்குக் கொப்புளமும் உண்டாகும். எரிச்சல் விரைவில் தணியும். கறையோ சில வாரங்கள், சிலபோது மாதங்களும், மறையாது நிற்கும். நீர் பட்டவுடன் அவ்விடத்தை நிறையத் தண்ணீர்விட்டுச் சோப்பினால் கழுவுதல் வேண்டும்.

இக்கறையினால் விளையும் குழப்பம் ஒன்றுண்டு. காலணிக்குள் மரவட்டை புகுந்திருப்பதை அறியாமல் குழந்தை காலை நுழைக்கிறது. உயிர் நசுங்கி நீர் கசிகிறது. மறுநாள் விரல்கள் கருத்திருக்கக் கண்ட தாய் நடுங்கிப்போகிறாள். இரத்த ஓட்டம் தடைப்பட்டு விரல் அழுகத் தொடங்கிற்றோ என்று மருத்துவரும் ஐயுறுதல் உண்டு. யாரோ அடித்ததனால் ஏற்பட்ட கன்றலோ என்று பெற்றோர்மீது பழி எழுதலும் கூடும். விரலில் இயல்பான வெப்பமும் நாடித்துடிப்பும் இருக்க, கறை மட்டும் வளைவான கோடாகத் தோன்றினால், காலணியை உதறிப் பார்த்தல் நலம். நசுங்கிய மரவட்டை அதனுள்ளே கிடக்கக்கூடும்.

கண்ணின் நிலை வேறு. மரவட்டையைக் கையில் வைத்து விளையாடிய சிறுவன் அக்கையாலேயே கண்ணைக் கசக்கினால், கடுமையான எரிச்சலும் வீக்கமும் உண்டாகும்; கருவிழியில் புண்ணும் ஏற்படலாம். வெப்ப நாடுகளில் வாழும் சில பெரிய இனங்கள் இந்நீரைச் சிறிது தொலைவு பீச்சவும் வல்லவை. கண்ணிற் பட்டால் தூய நீரால் நெடுநேரம் கழுவிக் கண் மருத்துவரிடம் காலந்தாழ்த்தாமல் காட்டுதல் வேண்டும். தாய்ப்பால் விடுதல், பச்சிலை பிழிதல் முதலியன தீங்கை மிகுவிக்கும்.

தட்டையான முதுகுடைய வேறு சில இனங்கள் ஹைட்ரஜன் சயனைடு என்னும் கொடிய நஞ்சையே உண்டாக்குகின்றன. பெயரைக் கேட்டு அஞ்சவேண்டுவதில்லை. வெளியாகும் அளவு மிகச் சிறிது. மூடிய குப்பிக்குள் உள்ள பூச்சியைக் கொல்ல அது போதும். திறந்தவெளியில் மனிதனை ஒன்றும் செய்யாது. இத்தகைய இனமொன்று ஜப்பானின் நடுமலைப் பகுதியில் வாழ்கிறது. எட்டாண்டுகளுக்கு ஒருமுறை அவை முழுவளர்ச்சி அடைந்து, இலையுதிர் காலத்தில் பெருங்கூட்டமாகப் புறப்படுகின்றன. தண்டவாளங்களின்மீது அவை நசுங்குவதால் சக்கரங்கள் வழுக்கி, இரயில்கள் நின்றதுண்டு. 1920-ஆம் ஆண்டிலேயே இவ்வாறு நிகழ்ந்திருக்கிறது. ஜப்பானியர் இதனை ‘இரயில் மரவட்டை’ என்கின்றனர். நம் நாட்டுச் சிறுவரும் மரவட்டையை ‘இரயில் பூச்சி’ என்பதுண்டு. ஆனால் அது உருவம் நோக்கி வந்த பெயர்.

மனிதர் அஞ்சும் இந்நீரை விரும்பித் தேடும் விலங்கும் உண்டு. தென்னமெரிக்காவிலுள்ள வெனிசுலாவில், கபுச்சின் என்னும் குரங்குகள் மழைக்காலத்தில் மரவட்டையைப் பிடித்து மயிர் நிறைந்த உடலெங்கும் தேய்த்துக்கொள்கின்றன. அதன் நீரிலுள்ள பொருள்கள் கொசுக்களை விரட்டும் என்பதை ஆராய்ச்சியாளர் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். மருந்து நல்லதேயாயினும், நாம் அக்குரங்குகளைப் பின்பற்றுதல் தகாது!

சிலபோது இளநாற்றுக்களையும் மண்ணுள் இருக்கும் கிழங்குகளையும் மரவட்டை கடித்துச் சேதப்படுத்துவதுண்டு. ஆயினும் அதன் பெருந்தொழில் சருகை நொறுக்கி உண்டு, எச்சமாக மண்ணில் சேர்ப்பதாகும். நுண்ணுயிர்கள் அதனை எளிதில் மக்கச் செய்ய, மரங்களுக்கு உரம் கிடைக்கிறது.

மரவட்டையின் உடல் ஈரத்தை விரைவில் இழக்கும் இயல்புடையது. ஆயினும் மழைநீர் மண்ணிடுக்குகளை நிரப்பும்போது அங்கே தங்க இயலாமல் மேலே வருகிறது. வீட்டுக்குள் வந்ததை நசுக்கினால் நீர் கசிந்து தரையிலும் கறை படியும். துடைப்பத்தால் முறத்தில் ஒதுக்கி, வேலியோரத்துச் சருகில் விட்டுவிடலாம். சுவரோரம் குவிந்த குப்பையையும் ஈரவிறகையும் அகற்றினால் அவற்றின் வரவு குறையும். மழை ஓய்ந்து தரை உலரத் தொடங்கியதும், எஞ்சியவை தாமே மண்ணுக்குள் சென்று மறைந்துவிடும்.