குருவியின் அலகும் நம் கடைச் சரக்கும்

தெருமுனையில் பெரிய கடை ஒன்று வரப்போகிறது என்று கேள்விப்பட்டதும், "வலியவன்தான் பிழைப்பான்" என்று கல்லாவில் உட்கார்ந்தபடியே பெருமூச்சு விடுவது நம்மில் பலருக்கு வழக்கமாகிவிட்டது. இது டார்வின் சொன்ன இயற்கை விதி என்றும் நினைத்துக்கொள்கிறோம். அந்தத் தொடரை முதலில் எழுதியவர் ஹெர்பர்ட் ஸ்பென்சர் என்ற ஆங்கிலேயர், ஆண்டு 1864. டார்வின் பிறகுதான் அதை எடுத்துக்கொண்டார். அதிலும் சொல்லப்பட்டது வலியது பிழைக்கும் என்றல்ல, சூழ்நிலைக்குப் பொருந்தியது பிழைக்கும் என்றுதான். இந்தச் சொல் வித்தியாசம் நமக்குச் சிறியதல்ல.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. டார்வினின் சிந்தனையைத் தூண்டிவிட்டதே ஒரு பொருளாதார அறிஞரின் நூல். மக்கள் பெருகும் வேகத்துக்கு உணவு பெருகாது என்று எழுதிய மால்தஸை அவர் 1838இல் படித்தார். கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகஸ்தர்களுக்கு இங்கிலாந்துக் கல்லூரியில் பாடம் சொன்னவர் மால்தஸ். ஆக, கம்பெனி வாத்தியாரின் கருத்து காட்டுக்குள் போய், உயிரியலாகத் திரும்பி வந்திருக்கிறது. அதை மறுபடி கடைத்தெருவுக்குக் கொண்டுவருவதில் தவறில்லை.

முதலில் ஒரு சிறு சோதனை. மாஸ்கோவைச் சேர்ந்த காஸ் என்ற இளம் விஞ்ஞானி 1934இல் வெளியிட்ட நூலில் இது வருகிறது. பரமீசியம் என்ற நுண்ணுயிரில் இரண்டு வகைகளைத் தனித்தனிக் குழாயில் வளர்த்தார். இரண்டும் நன்றாகப் பெருகின. ஒரே குழாயில் ஒரே இரையைப் போட்டு விட்டபோது ஒரு வகை அற்றுப்போயிற்று. ஒன்றையொன்று கடிக்கவில்லை, அடிக்கவில்லை. ஒரே சரக்கை இருவரும் தின்றதுதான் காரணம். அற்றுப்போனது உருவத்தில் பெரிய வகை என்பதைக் கவனியுங்கள். பிறகு, குழாயின் அடியில் மேயும் மூன்றாவது வகையையும், மேல்பகுதியில் மேயும் ஒரு வகையையும் சேர்த்து விட்டார். இரண்டும் பிழைத்தன. தனியாக இருந்தபோது இருந்த அளவு எண்ணிக்கை இரண்டுக்கும் இல்லை, ஆனால் பிழைத்தன.

குழாயில் நடந்தது தரையிலும் நடக்குமா என்ற கேள்விக்குப் பசிபிக் பெருங்கடலில் பதில் இருக்கிறது. ஈக்வடார் நாட்டைச் சேர்ந்த கலாபகஸ் தீவுக் கூட்டத்தில் டாஃப்னே மேஜர் என்று ஆளில்லாத சின்னஞ்சிறு தீவு ஒன்று உண்டு. பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் என்ற தம்பதியர் 1973 முதல் நாற்பது ஆண்டுகள் ஆண்டுதோறும் அங்கே போய், பிஞ்ச் என்னும் குருவிகளின் காலில் வளையமிட்டு, அலகை மில்லிமீட்டர் கணக்கில் அளந்தார்கள்.

1977இல் அங்கே மழைக்காலத்தில் 24 மில்லிமீட்டர்தான் பெய்தது. பொடி விதைகள் சீக்கிரம் தீர்ந்தன. மிஞ்சியது நெருஞ்சி இனத்தைச் சேர்ந்த முள்ளுக்காய். அதை உடைக்கத் தடித்த அலகு வேண்டும். நடுத்தரத் தரைக்குருவிகளில் ஏறத்தாழ 85 சதவீதம் மாண்டன. தப்பியவற்றின் அலகு, முன்பிருந்த சராசரியைவிட அரை மில்லிமீட்டர் தடிப்பு. அவற்றின் குஞ்சுகளுக்கும் தடித்த அலகே வாய்த்தது. இத்துடன் கதையை நிறுத்தினால் "பெருத்தவன் பிழைப்பான்" என்று சொல்லிவிடலாம்.

கதை நிற்கவில்லை. 1982இல் பெரிய தரைக்குருவி என்ற இன்னொரு இனம் இந்தத் தீவில் வந்து குடியேறிக் கூடு கட்டியது. முதலில் வந்தவை ஐந்தே பறவைகள். முள்ளுக்காயை நடுத்தரக் குருவியைவிட வேகமாக உடைத்துத் தின்னும் சாதி அது. ஆண்டுகள் செல்லச் செல்லப் பெருகிவிட்டது. 2003, 2004 ஆண்டுகளில் மறுபடி மழை பொய்த்தது. முள்ளுக்காயைப் பெரிய குருவி தின்று தீர்த்தது. இந்த முறை நடுத்தரக் குருவிகளில் தடித்த அலகுள்ளவைதான் அதிகமாகச் செத்தன; பொடி விதை பொறுக்கும் சின்ன அலகுக்காரர்கள் தப்பினார்கள். அதே தீவு, அதே குருவி, அதே வறட்சி. பக்கத்தில் பெரியவர் ஒருவர் வந்துவிட்டதால் முடிவு தலைகீழானது. அந்தப் பெரியவரும் தப்பவில்லை. முள்ளுக்காய் தீர்ந்ததும் அவர் கூட்டமும் சரிந்தது.

நம் கடைக்கு எது முள்ளுக்காய்? கம்பெனி பாக்கெட் எண்ணெய், சோப்பு, பிஸ்கட் போன்றவை. இவற்றை லாரி லாரியாகக் கொள்முதல் செய்பவரோடு விலையில் மோதுவது, 1977இல் பிழைத்த அலகை நம்பி 2004இல் இறங்குவதற்குச் சமம். பொடி விதை எது? ஐம்பது கிராம் கடுகு, விடிகாலையில் வரும் சிறுவனுக்கு ஒரு ரூபாய்ச் சில்லறைச் சாமான், கல்யாண வீட்டுப் பட்டியலை அளவு குறைத்துச் சொல்லித் தரும் யோசனை, ஆளறிந்து எழுதும் மாதக் கணக்கு. கடன் எழுதியே மூழ்கிய கடைகளும் உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை; பொடி விதையிலும் பதர் கலந்திருக்கும். அடுத்தடுத்த இரண்டு மளிகைக் கடைகள் ஒரே துவரம் பருப்பைக் கிலோவுக்கு நாலணா குறைத்துக் குறைத்து விற்பதோ காஸின் முதல் குழாய்.

குருவியால் தன் அலகை மாற்றிக்கொள்ள இயலாது. பொருந்தாதது செத்து, பொருந்தியது குஞ்சு பொரித்து, இனம்தான் மாறுகிறது. நாம் கடையை மூடாமலே சரக்கை மாற்றலாம். இந்த மாதக் கணக்கு முடிக்கும்போது ஒரு தாளில் இரண்டு பத்தி போட்டு, பெரிய கடையிலும் கிடைக்கும் சரக்குகளை ஒரு பக்கம், நம்மிடம் மட்டுமே கிடைப்பவற்றை மறுபக்கம், லாபத்தோடு எழுதிப் பாருங்கள். மறுபக்கத்தில் எத்தனை வரி தேறுகிறது என்று எண்ணிய பிறகு அடுத்த கொள்முதலுக்கு மண்டிக்குப் போகலாம்.