கைக்கடிகாரம் காட்டும் உடல்நிலை: எவ்வளவு நம்பலாம்?

தொற்றா நோய்கள் நம் மக்களிடையே எத்துணை ஆழமாக வேரூன்றிவிட்டன என்பதை, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நடைபெற்று 2023ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு தெளிவாக்கியது. அதன் மதிப்பீட்டின்படி 10.1 கோடிப் பேர் நீரிழிவு நோயினர், 31.5 கோடிப் பேர் உயர் இரத்த அழுத்தம் உடையோர். இவர்கள் மருந்துண்பதோடு, வாழ்நாள் முழுவதும் தம் உடல்நிலையை அளந்துகொண்டும் இருக்க வேண்டியவர்கள். அப்பணியை மணிக்கட்டிலேயே முடித்துவிடலாம் என்ற விளம்பரத்தோடு ஸ்மார்ட் கைக்கடிகாரங்கள் விற்பனையாகின்றன. நோயாளியின் பணமும் உயிரும் இதில் சேர்ந்தே இருப்பதால், அவை தரும் எண்களின் நம்பகத்தன்மையை ஆராய்வது அவசியமாகும்.

கடிகாரத்தின் அடிப்பாகத்திலிருந்து பச்சை ஒளி தோலுக்குள் பாய்கிறது. இரத்தம் அவ்வொளியை உறிஞ்சும் இயல்புடையது. ஒவ்வொரு துடிப்பிலும் இரத்தம் கூடிக் குறைவதால் திரும்பிவரும் ஒளியும் ஏறி இறங்குகிறது. இவ்வொளி உணரி நேரடியாக அளப்பது இவ்வொளி மாற்றத்தை மட்டுமே; அது தரும் எண்கள் அதிலிருந்து கணித்துப் பெறப்படுபவை. இவ்வேறுபாட்டை மறப்பதால்தான் குழப்பம் விளைகிறது.

நாடித்துடிப்பின் எண்ணிக்கை இக்கணிப்புகளுள் எளியது. அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகம் 2017இல் 7 கருவிகளைச் சோதித்தபோது, 6 கருவிகள் நாடித்துடிப்பை 5 விழுக்காட்டிற்கும் குறைவான பிழையுடன் காட்டின. ஆனால் செலவான கலோரியைக் கணிப்பதில், மிகச் சிறந்த கருவியே சராசரியாக 27 விழுக்காடு பிழைத்தது. ஒரே கடிகாரத்தில் ஓர் எண் சரியாக இருப்பது மற்றோர் எண்ணுக்குச் சான்றாகாது.

இரத்த அழுத்தத்தை எடுத்துக்கொள்வோம். மேற்கையில் கட்டும் பட்டை இரத்த ஓட்டத்தை அழுத்தி நிறுத்தி, பின்னர் தளர்த்தி அளக்கிறது. பட்டையில்லாத கடிகாரமோ துடிப்பலையின் வடிவத்தைக் கொண்டு அழுத்தத்தை ஊகிக்கிறது. சாம்சங் கடிகாரத்தை 28 நாள்களுக்கு ஒருமுறை பட்டைக் கருவியுடன் ஒப்பிட்டுச் சரிசெய்தல் வேண்டும். ஆகவே கடிகாரம் வாங்கியவரும் பட்டைக் கருவியை வாங்கியே தீர வேண்டும்!

குருதிச் சர்க்கரையைப் பொறுத்தவரை ஐயத்திற்கே இடமில்லை. தோலைத் துளைக்காமல் தானாகவே சர்க்கரையை அளக்கும் எந்தக் கடிகாரத்திற்கும் மோதிரத்திற்கும் தான் அனுமதி வழங்கவில்லை என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. அத்தகைய எண்ணை நம்பி இன்சுலின் அளவைக் கூட்டுபவருக்குச் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து மயக்கமும், சில வேளை மரணமும் நேரிடலாம்.

இரத்த ஆக்சிஜன் அளவில் வேறொரு சிக்கல் உண்டு. மருத்துவமனைகளின் விரல்நுனிக் கருவிகளே கருந்தோல் உடையோரிடம் ஆக்சிஜன் குறைவைக் கூடுதலாகத் தவறவிடுகின்றன என்பது 2020இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் தெரியவந்தது. பல தோல்நிறத்தவர் வாழும் நம் நாட்டில், மணிக்கட்டுக் கருவிகளை நம் மக்களிடமே சோதித்தறிவது இன்றியமையாதது.

இதயத் துடிப்பின் ஒழுங்கின்மையைக் கண்டறிவதில் இக்கடிகாரங்கள் பயனுள்ளவை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆயினும் இங்கு ஓர் எளிய கணக்கைக் கருத்தில் கொள்ளல் நன்று. ஒரு கருவி, நோயுள்ளோரில் 90 விழுக்காட்டினரைச் சரியாகக் கண்டுபிடிக்கிறது என்றும், நோயற்றோரில் 2 விழுக்காட்டினருக்குத் தவறாக எச்சரிக்கை தருகிறது என்றும் வைத்துக்கொள்வோம். 10,000 இளைஞர்களில் 50 பேருக்கு நோய் இருப்பின், சரியான எச்சரிக்கைகள் 45, தவறானவை 199. எனவே, எச்சரிக்கப்பட்டோரில் ஐவரில் ஒருவருக்குக்கூட நோயில்லை. 10,000 முதியோரில் 1,000 பேருக்கு நோய் இருப்பின், சரியானவை 900, தவறானவை 180. கருவி ஒன்றே, அதன் சொல்லின் மதிப்பு, அணிபவரைப் பொறுத்து மாறுகிறது. இவ்வாறிருக்க, ஆப்பிள் நிறுவனம் தன் துடிப்பொழுங்கு எச்சரிக்கை வசதி, ஏட்ரியல் பிப்ரிலேஷன் இருப்பதாக ஏற்கெனவே கண்டறியப்பட்டவர்களுக்கு உரியதன்று என்றே அறிவித்துள்ளது. எவர் மிகுந்த ஆவலுடன் வாங்குவாரோ அவரையே குறிப்பேடு விலக்கிவைக்கிறது.

தவறான எச்சரிக்கையால் வீண் பரிசோதனைச் செலவு நேரும். தவறான ஆறுதல் அதனினும் கொடியது. எண் நன்றாக இருக்கிறதென்று இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்துபவர், பக்கவாதம் வரும்வரை தம் தவற்றை அறியமாட்டார். ஆதலால் இவ்வெண்களைத் துணைக் குறிப்பாக மட்டும் கொண்டு, மருந்தை மாற்றுமுன் பட்டைக் கருவியாலோ குருதிச் சோதனையாலோ உறுதிசெய்தல் வேண்டும். ஊர்தோறும் பட்டைக் கருவிகள் கிடைக்கச் செய்வதே, கடிகாரத்திற்குச் செலவிடுவதைவிடப் பொதுப் பணத்திற்கு உகந்த பயன் என்பது என் கருத்து.

கடைக்காரரின் மின்னணுத் தராசு ஆண்டுதோறும் சரிபார்க்கப்பட்டு முத்திரை பெறவேண்டும் என்பது சட்டம். மருத்துவச் சாதனங்கள் அனைத்தும் 2020 ஏப்ரல் முதல் மருந்துச் சட்டத்தின் வரம்பிற்குள் வந்துள்ளன. ஆனால் ஒரு பொருள் மருத்துவச் சாதனமா என்பது, அதைத் தயாரிப்பவர் கூறும் நோக்கத்தைச் சார்ந்தது. ‘மருத்துவப் பயன்பாட்டிற்கன்று’ என்று பொடி எழுத்தில் அச்சிட்டுவிட்டு, விளம்பரத்தில் நோயாளியை அழைக்கும் வழக்கம் இவ்விடைவெளியில்தான் வளர்கிறது. அவ்வாசகத்தைப் பெட்டியின் முகப்பில், அந்தந்த மாநில மொழியில், விலைக்கு இணையான பெரிய எழுத்தில் அச்சிடச் செய்வது முதல் நடவடிக்கையாக அமையலாம்.