சாட் பாதியில் ‘முதலில் இருந்து தொடங்கவும்’ என்கிறதா? காரணம் வாசலில் இருக்கலாம்

திருமுக்கூடலில் இருந்து ஒருவர் கைப்பேசியில், சாட் வழியாக வருமானச் சான்றுக்கு விண்ணப்பிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பெயர் கொடுத்தாச்சு, ஊர் கொடுத்தாச்சு, ரேஷன் கார்டு படமும் ஏற்றியாச்சு. அடுத்த கேள்வி வர வேண்டிய நேரத்தில், ‘வணக்கம், தங்கள் பெயர் என்ன?’ என்று மறுபடியும் கேட்கிறது. போன் பழுதா, சிக்னல் இல்லையா என்று நினைப்போம். பல நேரம் இரண்டும் இல்லை. சர்வரின் வாசலில் செய்ய வேண்டிய ஓர் அமைப்பு விட்டுப்போயிருக்கும். அது என்ன என்பதே இந்தப் பாடம்.

பழைய ஆதுரசாலை சொல்லும் பாடம்

பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடுகிற திருமுக்கூடலில், வெங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 11-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 15 படுக்கைகள் கொண்ட ஆதுரசாலை, அதாவது மருத்துவமனை, அங்கே நடந்ததை அது சொல்கிறது. ஒரு வைத்தியர், அறுவை செய்ய ஒருவர், மருந்துப் பணிக்கு ஆட்கள், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பெண்கள் என்று வேலை பிரித்திருந்தார்கள்.

வைத்தியர் ஒருவர் என்றால் குழப்பம் இல்லை. நான்கு வைத்தியர்கள் இருந்து, காலையில் பார்த்தவர் ஒருவர், மாலையில் பார்ப்பவர் வேறொருவர், கொடுத்த மருந்து முதல் வைத்தியரின் மனசில் மட்டும்தான் இருக்கிறது என்றால்? நோயாளி எல்லாவற்றையும் மறுபடி சொல்ல வேண்டும். சாட் சர்வரில் நடப்பதும் இதுதான்.

வாசல்காரரும் நான்கு வேலையாட்களும்

கூட்டம் அதிகமானால் சாட் மென்பொருளை ஒன்றாக ஓட்டாமல், நான்கு பிரதிகளாக ஓட்டுவார்கள். ஒவ்வொன்றும் ஓர் ஒர்க்கர். முன்னால் வாசல்காரர் போல நிற்பது ரிவர்ஸ் பிராக்ஸி. என்ஜின்எக்ஸ் இதற்குப் பரவலாகப் பயன்படும் மென்பொருள், 2004-இல் வெளிவந்தது. நம் போன் பேசுவது வாசல்காரரிடம் மட்டுமே. உள்ளே யாரிடம் அனுப்புவது என்பதை அவர் முடிவு செய்வார்.

தனியாக ஒன்றும் சொல்லாவிட்டால், அவர் டோக்கன் போடுவது போல வரிசையாக அனுப்புவார்: முதல் கோரிக்கை ஒன்றாம் ஒர்க்கருக்கு, அடுத்தது இரண்டாவதுக்கு. உங்கள் பெயர் ஒன்றாம் ஒர்க்கரின் நினைவில் இருக்கும். இரண்டாவதுக்கு நீங்கள் யாரென்றே தெரியாது.

சரிசெய்வது எப்படி?

சர்வர் அமைக்கும் இளைஞர்கள் நான்கு விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

1. ஒவ்வொரு ஒர்க்கருக்கும் தனிக் கதவு எண். நான்கும் ஒரே போர்ட்டில் இருந்தால், வாசல்காரர் விரும்பினாலும் குறிப்பிட்ட ஒருவரிடம் அனுப்ப முடியாது. 5001 முதல் 5004 வரை தனித்தனியாகக் கொடுத்து, அந்தப் பட்டியலை என்ஜின்எக்ஸில் எழுத வேண்டும்.

2. ஒரே ஆள், ஒரே ஒர்க்கர். இதற்கு எளிய வழி ‘ஐபி ஹாஷ்’. ஐபி முகவரியை வைத்து ஆளைப் பிரிப்பது. ஆனால் மொபைல் டேட்டாவில் ஏராளமானவர்கள் ஒரே பொது முகவரியில் வருவது உண்டு. அத்தனை பேரும் ஒரே ஒர்க்கர் தலையில் விழுவார்கள். வீட்டு வைஃபையில் இருந்து டேட்டாவுக்கு மாறினால் முகவரியும் மாறிவிடும். அதனால் குக்கீயை வைத்துப் பிரிப்பதே நம்ம ஊர்ப் பயன்பாட்டுக்கு ஏற்றது.

3. திறந்த இணைப்பைத் திறந்தே வைத்தல். சாட் பெரும்பாலும் வெப்சாக்கெட் என்ற நீடித்த இணைப்பில் ஓடும். ‘அப்கிரேட்’ தலைப்பு வரிகளை உள்ளே கடத்தும்படி பிராக்ஸியிடம் சொல்லியிருக்க வேண்டும். உள்ளிருந்து 60 வினாடி சத்தமே வராவிட்டால் என்ஜின்எக்ஸ் இணைப்பைத் துண்டிப்பது வழக்கம். ஆவணத்தைத் தேடி எடுக்க நமக்கு அதைவிட நேரம் ஆகுமே! அந்த நேரத்தைக் கூட்ட வேண்டும், அல்லது 25 வினாடிக்கு ஒருமுறை சர்வர் ‘இருக்கிறேன்’ என்று சிறு செய்தி அனுப்ப வேண்டும்.

4. பொது நோட்டு. ஓர் ஒர்க்கர் நின்றுபோனால் அதன் நினைவும் போய்விடும். பதில்களை ரெடிஸ் போன்ற பொது இடத்தில் எழுதிவைத்தால் எந்த ஒர்க்கரும் விட்ட இடத்தில் தொடரலாம். மேலே சொன்ன மூன்றும் இருந்து இது இல்லை என்றால் வேலை பாதிதான் முடிந்தது.

நாம் செய்ய வேண்டியது

* திரையில் 502 அல்லது 504 என்று வந்தால், வாசல்காரர் இருக்கிறார், உள்ளே இருப்பவர் சரியாகப் பதில் தரவில்லை என்று பொருள். போனை அணைத்துப் போட வேண்டியதில்லை. சில நிமிடம் பொறுத்துப் பாருங்கள்.
* விண்ணப்பம் முடியும்வரை வைஃபை, டேட்டா என்று மாற்றாதீர்கள்.
* ஆவணப் படங்களை முன்பே எடுத்துத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.
* ‘சமர்ப்பி’ பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்தாதீர்கள். பணம் கட்டிய பிறகு துண்டித்தால், மறுபடி கட்டும் முன் விண்ணப்ப நிலையைப் பாருங்கள்.
* விண்ணப்ப எண் வந்தால்தான் விண்ணப்பம் பதிவானதாகக் கொள்ளுங்கள். எண்ணை உடனே குறித்து வையுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் திரும்பத் திரும்ப முதலில் இருந்தே கேட்டால், தவறு உங்களுடையது அல்ல. எத்தனையாவது கேள்வியில், எத்தனை மணிக்கு நின்றது என்று குறித்து, திரைப்படம் எடுத்து, அந்தச் சேவையின் உதவி மையத்தில் புகார் செய்யுங்கள். ‘சாட் வேலை செய்யலை’ என்பதைவிட, ‘நாலாவது கேள்விக்குப் பிறகு என் பெயரை மறந்துவிடுகிறது’ என்ற புகார் தொழில்நுட்பப் பணியாளரை நேரே வாசலுக்குக் கொண்டுபோய் நிறுத்தும்.