நாவும் படிக்கட்டும்

அன்புள்ள தம்பி,

மனத்துக்குள் படித்தாலே பொருள் விளங்கிவிடுகிறதே, கவிதையை வாய்விட்டுப் படிப்பானேன் என்று கேட்டிருக்கிறாய். பொருள் மட்டுமே கவிதை என்றால் உன் கேள்விக்கு மறுமொழி இல்லை. ஆனால், நம் செய்யுளில் ஓசையும் ஓர் உறுப்பு. வெண்பாவுக்குச் செப்பல், ஆசிரியப்பாவுக்கு அகவல், கலிப்பாவுக்குத் துள்ளல், வஞ்சிப்பாவுக்குத் தூங்கல் என ஒவ்வொரு பாவையும் அதன் ஓசையோடு சேர்த்தே இலக்கணம் அடையாளம் காட்டுகிறது. திருக்குறளில் சில சொற்களின் நடுவே உயிரெழுத்து ஒன்று தனியாக நிற்கும். கண்ணுக்கு அது அச்சுப்பிழை போலத் தெரியும். உண்மையில் அது அளபெடை. ஓசை குறையும் இடத்தில் இரண்டு மாத்திரை நெடிலை மூன்றாக நீட்டச் சொல்லி நாவுக்கு இட்ட குறிப்பு. மௌனமாகப் படிப்பவர் அதைத் தாண்டிப் போய்விடுவார். ஓலைச்சுவடிகளிலோ சொற்களுக்கிடையே இடைவெளி இல்லை; மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளியும் இல்லை. ஒலித்துப் பார்த்துச் சீரும் தளையும் பொருந்துவதைக் கொண்டே பல இடங்களில் பாடத்தைத் தெளியவேண்டியிருந்தது.

ஓசையில் மயங்கினால் பொருள் நழுவிவிடும் என்பாய். அதுவும் சரிதான். சீருக்காகச் சொல்லை உடைக்கும் வகையுளி அடிக்கடி வருகிறது. சீரை மட்டும் பார்த்து ஒப்பிப்பவர் பாதிச் சொல்லில் நின்றுவிடுவார். சங்க அகவலில் ஒரே வாக்கியம் பல அடிகள் ஓடும். எழுவாய் ஓரிடத்திலும் அதன் வினை வேறிடத்திலும் கிடக்கும். சொற்களைக் கூட்டிப் பொருள் காண நன்னூல் எட்டுவகைப் பொருள்கோள் சொல்வது இதனால்தான். இந்த வேலைக்குத் திரும்பிப் பார்க்கும் கண்ணும் மௌனமும் வேண்டும். ஆனால், எங்கே நிறுத்துவது, எதை அழுத்துவது என்று மௌனத்தில் கண்டதைக் குரலில்தான் சோதிக்க முடியும்.

யாப்பில்லாத புதுக்கவிதைக்கு இது எதற்கு என்ற கேள்வியும் எழும். 1959-இல் தொடங்கிய ‘எழுத்து’ இதழ் வளர்த்த அந்த வடிவத்தில், சீரும் தளையும் செய்த வேலையை வரிமுறிப்பு ஏற்றுக்கொண்டது. வரி முறியும் இடத்தில் குரல் நிற்க நியாயம் இருக்கிறதா, அல்லது உரைநடையைத் துண்டாக்கி அடுக்கியிருக்கிறார்களா என்பது வாய்விட்டுப் படித்தால் வெளிப்பட்டுவிடும். இதற்குக் கவியரங்கக் குரல் தேவையில்லை. உன் காதுக்குக் கேட்டால் போதும்.

ஆகவே முதலில் ஓசைக்காக ஒலித்துப் படி. அடுத்து, பொருளுக்காகப் பேசாமல் படி. பிறகு இரண்டையும் சேர்த்து மறுபடி வாய்விட்டுப் படி. அப்போதும் நா இடறினால், ஒன்று உனக்குப் பொருள் பிடிபடவில்லை, அல்லது அந்த வரியில் குறை இருக்கிறது. எது என்று தேடத் தொடங்கும்போது நீ நல்ல வாசகனாகிவிடுவாய்.

அன்புடன்,
உன் அண்ணன்