2 சென்டிமீட்டரில் ஒரு மலை

மாணவர்களே, காட்டுப் பாதையில் நிற்கிறீர்கள். பொழுது சாய அரை மணி நேரமே உள்ளது. 1:50,000 அளவுள்ள வரைபடத்தில் மலைமுகாம் 2 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. அதாவது 1 கிலோமீட்டர். மணிக்கு 5 கிலோமீட்டர் நடந்தால் 12 நிமிடம் போதும். புறப்படலாமா?

பொறுங்கள்! வழியில் குறுக்கிடும் சம உயரக் கோடுகளை எண்ணுங்கள். ஒவ்வொரு கோடும் ஒரே உயரத்திலுள்ள இடங்களை இணைக்கிறது. கோட்டுக்குக் கோடு 20 மீட்டர் உயர்ந்தால், 15 கோடுகளைக் கடப்பது ஏறக்குறைய 300 மீட்டர் ஏற்றம். மலையேறிகள் பயன்படுத்தும் நேஸ்மித் விதிப்படி, 600 மீட்டர் ஏற்றத்திற்குக் கூடுதலாக 1 மணி நேரம் வேண்டும். ஆக, 12 + 30 = 42 நிமிடம். பாதி வழியிலேயே இருட்டிவிடும்!

கோடுகள் நெருங்கினால் செங்குத்து, விலகினால் மென்சரிவு. தூரத்தை அளந்தபின் கோடுகளையும் எண்ணிவிட்டுக் காலை எடுத்து வையுங்கள்.