அம்பாசிடர் கார் ‘கிரவுன்’ கழற்றுவது எப்படி?

போன ஞாயிறு மாமா பட்டறைக்கு ஒரு பழைய அம்பாசிடர் வந்தது. ஓடும்போது பின்னால் ‘ஊம்’ என்று சத்தம். அதனால் டிஃபரன்ஷியலைக் கழற்றினார்கள். பட்டறையில் அதை ‘கிரவுன்’ என்பார்கள்.

அது எதற்கு? வண்டி வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும். இரண்டு சக்கரத்துக்கும் இடைவெளி 1.4 மீட்டர் என்றால், ஒரு முழு வட்டத்துக்கு வித்தியாசம் 2 × 22/7 × 1.4 = 8.8 மீட்டர்! நம்ம கணக்குப் பாடம் இங்கேயும் வருது பாருங்க. இரண்டும் வேறு வேறு வேகத்தில் சுற்ற வழி செய்வது டிஃபரன்ஷியல்தான்.

கழற்றும் முறை:

1. முன் சக்கரங்களுக்குக் கல் அண்டை கொடுக்கணும். பின்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தணும்.

2. பின் சக்கரங்களைக் கழற்றி, ஹவுசிங் ஆயிலை வடிக்கணும்.

3. புரொப்பல்லர் ஷாஃப்ட் சேருமிடத்தில் அடையாளம் போட்டு, போல்ட்டுகளைக் கழற்றணும்.

4. பிரேக் டிரம்மை எடுத்துவிட்டு, இரண்டு பக்க ஆக்ஸில் ஷாஃப்டையும் வெளியே இழுக்கணும்.

5. ஹவுசிங்கின் முன்பக்கம் வட்டமாக உள்ள நட்டுகளைக் கழற்றினால், கிரவுன் முன்பக்கமாக வெளியே வரும். ரொம்பக் கனம், இரண்டு பேர் பிடிக்கணும்.

ஸ்டாண்டு வைக்கும் முன்னே, உருண்டுபோன ஸ்பானரை எடுக்க நான் வண்டிக்கு அடியில் கை விட்டேன். “ஏ புள்ள, கையை எடு!” என்று மாமா கத்தினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்புறம் பொறுமையாகச் சொன்னார்: “ஜாக்கி தூக்குறதுக்கு மட்டும்தான். அது நழுவினா கை போயிடும்.”

உங்கள் வீட்டில் யாராவது காருக்கு அடியில் வேலை பார்த்தால், ஸ்டாண்டு வைத்தார்களா என்று முதலில் கேளுங்கள்!

– 9-ஆம் வகுப்பு மாணவி